மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதாலா? உடல் கவனிப்பது எந்த வாயுவை?

கொரோனாப் பரவலின்போது மருத்துவமனைகளில் திரும்பத் திரும்ப நடந்த ஒன்று பலரையும் குழப்பியது. இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவைச் சதவீதமாகக் காட்ட விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 80-க்கும் கீழே காட்டும். நோயாளியோ கைபேசியில் பேசிக்கொண்டிருப்பார், தனக்கு ஒன்றுமில்லை என்பார். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பதற்றத்தில் மூச்சு முட்டுகிறது என்று தவிப்பவரின் விரலில் அதே கருவி 99 காட்டும்.

ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுத் திணறும், போதுமான அளவு இருந்தால் திணறாது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். மேலே சொன்ன இரண்டு நிலைகளிலும் இந்தக் கணக்கு பொய்க்கிறது. காரணம் எளிமையானது. ஆரோக்கியமான மனித உடலில் மூச்சின் வேகத்தை நொடிக்கு நொடி தீர்மானிப்பது ஆக்சிஜன் அல்ல, கார்பன் டை ஆக்சைடு. நம் எச்சரிக்கை மணி கட்டப்பட்டிருப்பது அந்த வாயுவோடுதான். ஆக்சிஜன் மட்டும் தனியாகக் குறைந்தால் அந்த மணி வெகுநேரம் பேசாமலே இருக்கக்கூடும்.

உடல் ஏன் இப்படி அமைந்திருக்கிறது, எல்லா உயிரிகளும் இப்படித்தானா, இதனால் யாருக்கு ஆபத்து என்ற மூன்றையும் புரிந்துகொள்ள, வாயு எப்படி நகர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1. வாயுவை யாரும் இழுப்பதில்லை

ஒரு வாயு, அதன் அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவும். இதற்கு விரவல் என்று பெயர். ஆக்சிஜனை உடலுக்குள் தள்ளும் பம்ப் எதுவும் எந்த உயிரியின் செல்லிலும் இல்லை. மார்பு விரிவதும் செவுள் அசைவதும் காற்றையோ நீரையோ நகர்த்துகின்றன, அவ்வளவுதான். ஆக்சிஜன் சவ்வைக் கடப்பது முழுக்க விரவலால்.

இது எளிதில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை அல்ல. நுரையீரல் ஆக்சிஜனைச் சுரப்பிபோல உள்ளே செலுத்துகிறது என்று டென்மார்க் அறிஞர் கிறிஸ்டியன் போர் உறுதியாக நம்பினார். அவருடைய மாணவர் ஆகஸ்ட் குரோக், மனைவி மேரி குரோக்குடன் சேர்ந்து செய்த துல்லியமான அளவீடுகள் 1910-ல் அதை மறுத்தன. விரவல் ஒன்றே போதும் என்று அவர்கள் காட்டினார்கள். ஆசிரியருக்கு எதிராக மாணவர் நின்ற அந்த வாதத்தின் பலனைத்தான் இன்று எல்லாப் பாடநூல்களிலும் படிக்கிறோம்.

இங்கே 'அழுத்தம்' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், 0.04 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் 21 சதவீதம், அதாவது ஏறத்தாழ 160 மி.மீ., ஆக்சிஜனின் பங்கு. இதுதான் அதன் பகுதி அழுத்தம். எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். ஆனால் மொத்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால் பகுதி அழுத்தமும் அந்த அளவுக்கு விழுந்துவிடுகிறது. 'மலை மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைவு' என்று சொல்வது தவறு. குறைவது அழுத்தம்.

ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் 1855-ல் வெளியிட்ட விதியின்படி, விரவலின் வேகம் இவற்றைப் பொறுத்தது:

1. பரப்பு கூடினால் வேகம் கூடும்.
2. கடக்க வேண்டிய தடுப்பு தடித்தால் வேகம் குறையும்.
3. இரு பக்க அழுத்த வேறுபாடு கூடினால் வேகம் கூடும்.
4. ஊடகம் எது என்பது மிக முக்கியம். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவுவது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான்.

இதோடு இன்னொரு நெருக்கடியும் சேர்கிறது. தூரம் இரட்டிப்பானால் விரவலுக்கு ஆகும் நேரம் நான்கு மடங்காகும். பத்து மடங்கு தூரம் என்றால் நூறு மடங்கு நேரம். அதனால்தான், ஓரளவு சுறுசுறுப்பாக வாழும் உயிரி ஒரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டினால், உடலின் மேற்பரப்பு வழியாக மட்டும் ஆக்சிஜனைப் பெற்றுப் பிழைப்பது கடினமாகிவிடுகிறது. நுரையீரல், செவுள், இரத்தம், இதயம் எல்லாமே இந்த ஒரு மில்லிமீட்டர் பிரச்சினைக்குப் பிறந்த தீர்வுகள்.

2. பரப்பைக் கூட்டு, தடுப்பை மெலிதாக்கு

மனித நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்காற்றறைகள் இருக்கின்றன. கணக்கீடுகள் 30 கோடியிலிருந்து 50 கோடி வரை சொல்கின்றன. விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர், மெல்லிய பகுதிகளில் அரை மைக்ரோமீட்டர்கூட இருக்காது. ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியை (மிக நுண்ணிய இரத்தக்குழாயை) கடக்க முக்கால் நொடி ஆகிறது. ஆக்சிஜன் ஏறி முடிவதற்கு அதில் கால் நொடியே போதும். மீதி அரை நொடி கையிருப்பு. ஓடும்போது இரத்தம் விரைந்தாலும் நமக்கு ஆக்சிஜன் குறையாததற்கு இந்தக் கையிருப்புதான் காரணம். நுரையீரல் நோயில் முதலில் கரைவதும் இதுதான். அதனால்தான் நோய் தொடங்கும் காலத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், படியேறும்போது மட்டும் தெரிகிறது.

மீனின் நிலை இன்னும் கடினம். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பது ஆறேழு மில்லிலிட்டர்தான். நீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது, அதை உள்ளே இழுத்து வெளியே தள்ளுவதே பெரிய செலவு. எனவே மீன் வாய் வழியே நீரை வாங்கி, ஒரே திசையில் செவுள் இதழ்களின் மேல் ஓடவிட்டு வெளியேற்றுகிறது. செவுளுக்குள் இரத்தம் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் புதிய நீரையும், ஏறாத இரத்தம் ஆக்சிஜன் குறைந்துபோன நீரையும் சந்திப்பதால், பாதை நெடுகிலும் அழுத்த வேறுபாடு நிலைத்து நிற்கிறது. இதன் பலனாக நீரில் உள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரை சில மீன்களால் எடுக்க முடிகிறது. நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் எடுத்துக்கொள்வது கால் பங்கு மட்டுமே. எனக்கு உயிரியலிலேயே மிக அழகான வடிவமைப்புகளில் ஒன்றாகத் தோன்றுவது இந்த எதிரோட்டம்.

நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. அதே வெப்பத்தில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. கோடையில் ஏரி, குளங்களில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இரட்டை நெருக்கடியைத்தான். நச்சு கலந்திருக்கலாம் என்ற கேள்வி அதற்கு அப்புறம்.

பூச்சிகள் இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்கப் பெரும்பாலும் நம்புவதில்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகளிலிருந்து கிளை பிரியும் நுண்குழல்கள் காற்றை நேரடியாகத் திசு வரை கொண்டுபோகின்றன. பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. அதனால் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டிப் பறக்க இந்த அமைப்பும், ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் ஹீமோகுளோபினும் (இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) உதவுகின்றன.

3. இரத்தத்தில் நடப்பது: ஆக்சிஜன் ஒரு கதை, கார்பன் டை ஆக்சைடு இன்னொரு கதை

எச்சரிக்கை மணியின் ரகசியம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் இரத்தத்தில் வெறுமனே கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 3 மில்லிலிட்டர்தான். ஹீமோகுளோபின் இருப்பதால் அது 200 மில்லிலிட்டராகிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒட்டும். ஒன்று ஒட்டியதும் அடுத்தது ஒட்டுவது எளிதாகிறது. எனவே பகுதி அழுத்தத்தையும், ஹீமோகுளோபினில் எத்தனை சதவீத இடம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்ற நிறைவு சதவீதத்தையும் வரைபடமாக்கினால் நேர்கோடு கிடைக்காது. தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு செங்குத்தாகவும் ஏறி, மேலே தட்டையாகிவிடும் வளைகோடு கிடைக்கும்.

அந்தத் தட்டையான பகுதியைக் கவனியுங்கள். நுண்காற்றறையில் ஆக்சிஜன் அழுத்தம் வழக்கமாக 100 மி.மீ.; அப்போது நிறைவு 97 அல்லது 98 சதவீதம். அழுத்தம் 60-க்கு விழுந்தாலும் நிறைவு 90 சதவீதம் இருக்கும். அதாவது அழுத்தம் 40 சதவீதம் சரிந்தும் சரக்கு எட்டு சதவீதமே குறைகிறது. 60-க்குக் கீழே போனால்தான் சரிவு செங்குத்தாகும். ஆக்ஸிமீட்டரில் 90-க்குக் கீழே போனால் மருத்துவர்கள் கவலைப்படுவதற்கு இதுதான் அடிப்படை. 98-க்கும் 96-க்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. 90-லிருந்து 80-க்கு நகர்வது வேறு விஷயம்.

திசுக்களில் கார்பன் டை ஆக்சைடும் அமிலத்தன்மையும் கூடும்போது ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி ஆக்சிஜனை விடுகிறது. இதை 1904-ல் விவரித்தவரும் அதே கிறிஸ்டியன் போர்தான். சுரப்புக் கொள்கையில் தோற்றாலும் இதில் அவர் சொன்னது நிலைத்துவிட்டது. வேலை செய்யும் தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைப்பது இதனால்தான்.

சரி, கார்பன் டை ஆக்சைடு எப்படிப் போகிறது? அதில் ஏறத்தாழ 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறிப் பயணிக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டும், சிறு பகுதி வெறுமனே கரைந்தும் செல்கின்றன. சிவப்பணுவுக்குள் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்க்கிறது. அதில் பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் பிறக்கின்றன. ஹைட்ரஜன் அயனி என்றால் அமிலம். ஆக, கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது என்பதும் இரத்தம் அமிலமாகிறது என்பதும் ஒரே செய்தி. இரத்தத்தின் அமில-கார அளவைச் சொல்லும் பி.எச். எண் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்க வேண்டும். புரதங்களின் வடிவமும் நொதிகளின் வேலையும் நரம்பின் துடிப்பும் அந்த ஒடுக்கமான எல்லையைச் சார்ந்திருக்கின்றன.

இன்னொரு வித்தியாசம்: கார்பன் டை ஆக்சைடுக்குத் தட்டையான வளைகோடு கிடையாது. மூச்சை இரட்டிப்பாக்கினால் நுண்காற்றறையில் அதன் அழுத்தம் பாதியாகும், இரத்தத்திலிருந்து அதற்கேற்ப வெளியேறும். ஆக்சிஜனோ, ஏற்கெனவே 98 சதவீதம் நிரம்பிய இரத்தத்தில் எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் மேலும் ஏறாது.

4. உடல் எதை அளக்கிறது?

உடலியல் அறிஞர்கள் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும் 1905-ல் இதற்கு விடை தந்தார்கள். நுண்காற்றறையில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு மனிதரிடம் வியக்கத்தக்க அளவு மாறாமல் இருக்கிறது, அது சற்றே கூடினாலும் மூச்சு உடனே பெருகுகிறது என்று காட்டினார்கள். இரத்தத்தில் இயல்பான அளவு 40 மி.மீ. பாதரசம். அது ஒரு மி.மீ. கூடினாலே நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் காற்று கூடுதலாக உள்ளே போகும். ஓய்வில் நாம் நிமிடத்துக்கு இழுப்பதே ஆறு லிட்டர் என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கூர்மை புரியும்.

உணர்விகள் இரண்டு இடங்களில் உள்ளன.

- மூளைத்தண்டில்: அதன் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அருகே உள்ள செல்கள் மூளையைச் சூழ்ந்த திரவத்தின் அமிலத்தன்மையை அளக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்திலிருந்து எளிதாக மூளைக்குள் கடந்து அங்கே அமிலமாகிறது. மூச்சைத் தூண்டுவதில் பெரும்பங்கு இவற்றுடையது. இவை ஆக்சிஜனைப் பார்ப்பதில்லை.
- கழுத்தில்: பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி அளவே உள்ள கரோட்டிட் உறுப்புகள். ஆக்சிஜனை அளப்பவை முதன்மையாக இவைதான். இதைக் கண்டறிந்த பெல்ஜியத்தின் கார்னீல் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கரோட்டிட் உறுப்பின் எதிர்வினையும் ஹீமோகுளோபின் வளைகோட்டைப் போலவே இருக்கிறது. ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போகும்வரை அது பெரிதாகக் குரல் எழுப்புவதில்லை. அதோடு, கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தால் அந்தக் குரல் இன்னும் அமுங்கிவிடும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: அது அளப்பது கரைந்த ஆக்சிஜனின் அழுத்தத்தை, இரத்தம் சுமக்கும் மொத்த ஆக்சிஜனை அல்ல.

கார்பன் டை ஆக்சைடை அளப்பது நிலத்தில் வாழும் உயிரிக்கு நல்ல உத்தி. சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதமாக நிலைத்து நிற்கிறது. அதனால் மூச்சு போதவில்லை என்றால் இரண்டு வாயுக்களும் சேர்ந்தே மாறும். அப்போது தட்டையான வளைகோட்டில் உள்ள ஆக்சிஜனைவிட, உடனுக்குடன் மாறும் கார்பன் டை ஆக்சைடு நம்பகமான அளவுகோல். அமிலச் சமநிலையும் கூடவே காக்கப்படுகிறது.

நீரில் வாழும் மீனுக்கு இது பொருந்தாது. கார்பன் டை ஆக்சைடு நீரில் எளிதில் கரைந்துவிடும்; ஆக்சிஜனுக்காக அத்தனை நீரை ஓட்டும் மீனிடம் அது தேங்க வாய்ப்பே இல்லை. மீனுக்குப் பற்றாக்குறையாவது ஆக்சிஜன். எனவே பெரும்பாலான மீன்கள் ஆக்சிஜனை அளந்துதான் செவுளை வேகமாக அசைக்கின்றன. பூச்சிகளிலோ, கார்பன் டை ஆக்சைடு சேரும்போது பக்கவாட்டுத் துளைகள் திறக்கின்றன. எந்த வாயு, அந்தந்த வாழிடத்தில், முதலில் உண்மையைச் சொல்லுமோ அதையே அந்தந்த உயிரி கவனிக்கிறது. இது விதிபோல எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் புரிந்துகொள்ள நல்ல வழிகாட்டி.

நிமிடக் கணக்கில் நடக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடியில், நாள் கணக்கில் நடக்கும் இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் குறையும்போது செல்லுக்குள் ஹிஃப் எனப்படும் புரதம் சிதையாமல் தங்கிப் பல மரபணுக்களை இயக்குகிறது. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்குவது இதன் மூலம்தான். இதைக் கண்டறிந்த வில்லியம் கெலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

5. இலையின் கணக்கு

இலைக்கு ஆக்சிஜன் ஒரு பிரச்சினையே அல்ல. அதன் பற்றாக்குறை, காற்றில் 0.04 சதவீதமே உள்ள கார்பன் டை ஆக்சைடு. அதை எடுக்க இலைத்துளையைத் திறந்தால் நீராவி வெளியேறிவிடும். பெரும்பாலான தாவரங்கள் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிக்க நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன.

துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் இந்தப் பேரத்தை நடத்துகின்றன. பொட்டாசியம் அயனிகள் உள்ளே வந்தால் நீரும் பின்தொடரும், செல் விறைக்கும், துளை திறக்கும். அயனிகள் வெளியேறினால் மூடும். இந்த முடிவைத் தீர்மானிப்பவை:

1. வெளிச்சம், குறிப்பாக நீல ஒளி, திறக்கச் சொல்லும்.
2. இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் திறக்கும், கூடினால் மூடும்.
3. காற்று வறண்டிருந்தால் மூடும்.
4. நீர்ப் பற்றாக்குறையில் சேரும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் மற்ற எல்லாவற்றையும் மீறி மூடவைக்கும்.

கள்ளிகளும் அன்னாசியும் இரவில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்து, பகலில் மூடிய துளைகளுக்குப் பின்னால் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடிவருவதால் பல தாவரங்கள் துளைகளைக் குறைவாகத் திறந்தே தங்கள் தேவையை முடித்துக்கொள்கின்றன. சேகரிப்புகளில் உலர்த்தி வைத்திருந்த பழைய இலைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் இயன் உட்வர்ட், இருநூறு ஆண்டுகளில் இலைத்துளைகளின் அடர்த்தியே குறைந்து வந்திருப்பதை 1987-ல் வெளியிட்டார். நீர் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் நீராவிப்போக்கு குறைந்தால் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்வதும் குறையும்.

இரவில் அறையில் செடி வைத்தால் ஆக்சிஜனை அது தின்றுவிடும் என்ற பயத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. செடியும் இரவும் பகலும் சுவாசிக்கிறது, உண்மை. ஆனால் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு நிமிடத்துக்கு வெளியிடுவது ஒன்றிரண்டு மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு. பக்கத்தில் உறங்கும் மனிதர் வெளியிடுவது சுமார் 200 மில்லிலிட்டர்.

6. மணி ஒலிக்காத இடங்கள்

இப்போது முதலில் எழுந்த குழப்பத்துக்கு வரலாம். இங்கிருந்துதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் தொடங்குகின்றன.

அ. திணறாமல் குறையும் ஆக்சிஜன். நிமோனியாவில் நுரையீரலின் சில பகுதிகள் கெடுகின்றன, சில நன்றாக இருக்கின்றன. நல்ல பகுதிகள் கூடுதல் காற்று வாங்கிக் கூடுதல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட முடியும். ஆனால் அங்கே ஓடும் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், கெட்ட பகுதிகளின் இழப்பை அவற்றால் ஈடுகட்ட முடியாது. விளைவு: ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு இயல்பு அல்லது இயல்பைவிடக் குறைவு. மூளைத்தண்டுக்குக் கவலைப்பட எதுவும் தெரிவதில்லை. கொரோனா நோயாளிகள் இயல்பாகப் பேசியதற்கு இது முக்கியமான காரணம். 'மூச்சு வாங்கவில்லை, அதனால் நன்றாக இருக்கிறேன்' என்பது நம்பத்தகாத வாக்கியம் என்பதை அந்த நோய் கடுமையாகக் கற்பித்தது.

ஆ. குறையாமலே திணறல். மூச்சு முட்டும் உணர்வு கார்பன் டை ஆக்சைடால் மட்டும் எழுவதில்லை. மார்புத் தசைகளின் உழைப்பு, நுரையீரலின் விறைப்பு, அச்சம் ஆகியவையும் அதை உண்டாக்கும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுபவர் தேவைக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறார். இரத்தம் காரத்தன்மை பெறுகிறது, மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. அந்த அறிகுறிகள் கற்பனை அல்ல, வேதியியல். ஆனால் இதய, நுரையீரல் நோய்களிலும் இதே தோற்றம் வரலாம் என்பதால், முதல்முறை வருபவரை மருத்துவர் பார்க்காமல் 'பதற்றம்தான்' என்று விடக் கூடாது. முகத்தில் காகிதப்பை வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கம் இதனால்தான் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

இ. கார்பன் மோனாக்சைடு. அரைகுறையாக எரியும் அடுப்பு, மூடிய இடத்தில் ஓடும் இயந்திரம் இதை வெளியிடும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. கரைந்த ஆக்சிஜனின் அழுத்தம் மாறாததால் கரோட்டிட் உறுப்பு எதையும் உணராது. கார்பன் டை ஆக்சைடும் கூடாது. மணமும் இல்லை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வைத்துக் கணக்கிடும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எடுத்துக்கொண்டு நல்ல எண்ணைக் காட்டும். உடலும் ஏமாறுகிறது, கருவியும் ஏமாறுகிறது. ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்குப் போவதுதான் முதல் வேலை.

இதே வழியில் இரத்தசோகையும் கருவியிடமிருந்து தப்பும். ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தாலும், இருக்கிற பாதி முழுதாக நிரம்பியிருந்தால் எண் 98-தான். கருவி காட்டுவது சதவீதம், மொத்த அளவு அல்ல. கருமையான தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

ஈ. நீச்சலுக்கு முன் வேக மூச்சு. நீருக்குள் நீண்ட நேரம் இருக்க ஆசைப்பட்டுச் சிலர் முதலில் வேகவேகமாக மூச்சு விடுகிறார்கள். ஆக்சிஜன் இருப்பு இதனால் கூடுவதில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் கூடுகிறது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெகுவாக இறங்குகிறது. மூச்சு வாங்க வேண்டும் என்ற உந்துதல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு போகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இப்படி இறக்கிறார்கள். தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உ. உயரம். 1875 ஏப்ரலில் 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். ஆக்சிஜன் பைகள் கையருகே இருந்தன. தேவைப்பட்டபோது அவற்றை எடுக்கக் கை அசையவில்லை. இருவர் இறந்தார்கள். பிழைத்த காஸ்டன் டிசாண்டியே, அந்த நிலையில் வேதனை எதுவும் தெரியவில்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று பதிவு செய்தார். மலையில் மெதுவாக ஏறுபவருக்கு நடப்பது வேறு. ஆக்சிஜன் குறைவால் மூச்சு கூடுகிறது, அதனால் கார்பன் டை ஆக்சைடு இறங்குகிறது, அந்த இறக்கமே மூச்சுக்குத் தடையாகிறது. சில நாட்களில் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றித் தடையை நீக்கும். உயர நோய்க்குத் தரப்படும் அசெட்டசோலமைடு மாத்திரை இதே வேலையை விரைவுபடுத்துகிறது. மெதுவாக ஏறுங்கள் என்ற அறிவுரை சிறுநீரகத்துக்கு நேரம் கொடுக்கச் சொல்வதுதான்.

ஊ. தொட்டி, குழி, கிணறு. மிக அதிகமாகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். மூடிய இடத்தில் இரும்பு துருப்பிடித்தாலும், கழிவு அழுகினாலும் ஆக்சிஜன் குறையும். நைட்ரஜன், ஆர்கான், மீத்தேன் போன்றவை அதை வெளியேற்றிவிட்டு இடத்தை நிரப்பவும் கூடும். உள்ளே இறங்குபவர் மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே திணறல் இல்லை. ஆக்சிஜனே இல்லாத காற்றை இழுத்தால் இன்னும் மோசம். விரவல் இருதிசைக்கும் பொது என்பதால், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் நுரையீரலுக்குத் திரும்பி வெளியே போய்விடும். ஓரிரு மூச்சிலேயே, சில நொடிகளில் நினைவு தப்பும். ஏணியில் திரும்பி ஏறலாம் என்ற எண்ணம் வருவதற்குக்கூட நேரம் இருக்காது. கழிவுத் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். அதன் செறிவு கூடினால் மூக்கு உணர்விழந்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஏமாறுவோம்.

விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதும், அவரும் விழுவதும் இதனால்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மேலே நிற்பவருக்கு எந்த அபாயமும் தெரிவதில்லை, உள்ளே போன பிறகும் உடல் சொல்வதில்லை. செய்ய வேண்டியவை:

1. இறங்குவதற்கு முன் ஆக்சிஜன் அளவையும் நச்சு வாயுக்களையும் கருவியால் அளக்க வேண்டும், மேலே மட்டுமல்ல, அடிவரை. 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பற்றாக்குறை.
2. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது மாற்று அல்ல. மீத்தேன் இருந்தால் அதுவே வெடிக்கச் செய்யும்.
3. விசையால் காற்றோட்டம் கொடுத்து, மீண்டும் அளந்து, வேலை முடியும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.
4. வடிகட்டும் முகக்கவசம் ஆக்சிஜனைத் தராது. தனிக் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும்.
5. இறங்குபவரின் உடலில் கயிறும் பட்டையும் கட்டி, வெளியிலிருந்தே இழுத்தெடுக்க ஆள் நிற்க வேண்டும். அப்படிக் கட்டாமல் ஒருவர் விழுந்துவிட்டால், சுவாசக் கருவி வரும்வரை வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. அதுவரை மேலிருந்து காற்றை உள்ளே செலுத்துவதுதான் வெளியில் நிற்பவர்கள் செய்யக்கூடிய உதவி.